திரையில் ஓடும் பழைய இத்தாலியக் கார் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது? அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

1967இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் தெருக்காட்சி என்று வைத்துக்கொள்வோம். கதைப்படி அது இத்தாலி. பளபளவென்று புத்தம் புதிய சின்ன ஃபியட் 600 ஒன்று ஓரமாக வந்து நிற்க, ஓட்டுநர் கதவைத் திறக்கிறார். கைப்பிடி முன்பக்கத்திலும் கீல் பின்பக்கத்திலும் இருப்பதால், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக அந்தக் கதவு திறக்கிறது. பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பெரும்பாலானவர்கள் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் டூரினில் ஃபியட் அந்தப் பின்கீல் கதவை 1964இலேயே கைவிட்டுவிட்டது. அதே காரை உரிமம் பெற்றுப் பார்சலோனாவில் தயாரித்த சியட் நிறுவனமோ, 1969இல் 600இ வகை வரும்வரை அதை விடவில்லை. ஆகவே 1967இல் புதிதாகத் தோன்றும் பின்கீல் கார் ஒன்று, நன்றாகப் பராமரிக்கப்பட்ட மூன்று வயது இத்தாலியக் காராக இருக்க வேண்டும், அல்லது ஸ்பெயினில் பிறந்த காராக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மை என்று தெரிந்தால், அந்த "இத்தாலியத் தெரு" ஸ்பெயினில் எங்கோ இருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இந்த வேலையின் சாரம் அந்த ஒரு கதவிலேயே இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே வடிவமும் கொண்ட கார், எந்த நாட்டில் விற்கப்படப்போகிறதோ அந்த நாட்டின் சட்டத்துக்கும் வரிக்கும் சாலைக்கும் ஏற்பச் சிறு சிறு மாற்றங்களோடு வெளிவந்தது. அம்மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆண்டும் ஒரு காரணமும் உண்டு. வடிவமைப்பாளரின் ரசனையை மனப்பாடம் செய்வதைவிட, எந்த நாட்டில் எந்த விதி எப்போது வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் காரைப் படிப்பது எளிதாகிவிடும்.

முதல் படி: மூன்று காலங்களையும் மூன்று இடங்களையும் பிரித்து எழுதுங்கள்

காட்சியை நிறுத்திவைத்துக் காரை ஆராய்வதற்கு முன், ஒரு தாளில் மூன்று செய்திகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: கதை எந்த ஆண்டில் எந்த ஊரில் நடக்கிறது, படம் எந்த ஆண்டில் எங்கே எடுக்கப்பட்டது, கார் எந்த ஆண்டைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது. கதையின் ஆண்டை வைத்துக் காரின் ஆண்டை முடிவுசெய்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்ட படத்தில் தெருவில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் அந்த ஊரில் இயல்பாக ஓடிய கார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட படத்தில் அதே தெருவை நிறைப்பவை சேகரிப்பாளர்களிடமிருந்து வாடகைக்கு வந்தவை. அவற்றுள் கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் துருப்பிடிக்காமல் பிழைத்து, பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பிவந்த அமெரிக்க வகைகளும் கலந்திருக்கும்.

அடுத்து, படச்சட்டம் இடவலமாகப் புரட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தொகுப்பில் நடிகரின் பார்வைத் திசை ஒத்துப்போவதற்காக ஒரு காட்சியைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிவிடுவது உண்டு. அப்போது இடப்பக்க ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிடும். நம்பர் பிளேட்டு, கடைப் பலகை, ஆண்களின் சட்டைப் பொத்தான் வரிசை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதாக, திரையில் தெரிவது ஒரே கார்தானா, உண்மையான கார்தானா என்ற கேள்வி. 1969இல் வந்த "தி இட்டாலியன் ஜாப்" படத்தின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஓடும் ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூராவும், பிறகு நொறுங்கிக் கிடக்கும் மியூராவும் ஒரே கார் அல்ல. 1986இல் வந்த "ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்" படத்தில் வீட்டுக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு விழும் சிவப்பு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா, கண்ணாடியிழை உடல் கொண்ட நகல் கார். நகலில் சந்தை வகையைத் தேடுவதில் பொருளில்லை. விளக்கும் பம்பரும் கைக்குக் கிடைத்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

நம் ஊர்க் கண்ணுக்கு வலப்பக்க ஸ்டியரிங் இயல்பானது என்பதால், இத்தாலியக் காரில் அதைக் கண்டவுடன் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா என்று மனம் ஓடிவிடும். 1960களுக்குப் பிந்தைய கார்களுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் சரிதான். அதற்கு முந்தைய லான்சியாவும் ஆல்ஃபா ரோமியோவும் இந்த விதிக்குள் அடங்காதவை. சாலையின் வலப்புறம் ஓட்டும் இத்தாலியிலேயே, லான்சியா 1950களின் நடுப்பகுதிவரை வலப்பக்க ஸ்டியரிங்கைத்தான் தன் வழக்கமாக வைத்திருந்தது. மலைப்பாதையில் சாலையோரமும் பள்ளமும் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம் என்று சொல்வார்கள். ஆல்ஃபா ரோமியோவிலோ, 1950இல் வந்த 1900தான் இடப்பக்க ஸ்டியரிங்கோடு கிடைத்த முதல் கார். ஆகவே 1940களின் ஆல்ஃபா 6சி 2500 ஒன்றில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருந்தால் அது ஏற்றுமதிக் காருக்கான சான்று ஆகாது. அது அசல் இத்தாலியக் காராகவே இருக்கலாம்.

லான்சியா ஔரேலியாவை நெருங்கிப் பார்ப்பது இங்கே பயன்தரும். 1962இல் டினோ ரிசி இயக்கிய "இல் சோர்பாசோ" படத்தில், ஆகஸ்ட் விடுமுறை நாளில் ஆளரவமற்ற ரோமின் தெருக்களில் விட்டோரியோ காஸ்மன் ஓட்டிவரும் திறந்த கார் ஔரேலியா பி24. இந்தப் பெயரில் இரண்டு வகைகள் உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் ஏராளம். 1954, 55 ஆண்டுகளில் செய்யப்பட்ட முதல் வகைக்கு "ஸ்பைடர் அமெரிக்கா" என்று பெயர். அமெரிக்க வாடிக்கையாளரை மனத்தில் வைத்து உருவான அது, அக்கால அமெரிக்கக் கார்களைப்போலப் பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முன்கண்ணாடியோடு வந்தது. கதவில் வெளிக் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. முன் பம்பர் நடுவில் பிரிந்து இரு துண்டுகளாக இருக்கும். மொத்தம் 240 கார்களே செய்யப்பட்டன. 1956 முதல் 1958 வரை செய்யப்பட்ட இரண்டாம் வகை "கன்வர்ட்டிபிள்". அதன் முன்கண்ணாடி சாதாரண வளைவுடையது. கதவின் முன்மூலையில் சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும். கைப்பிடியும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் உண்டு. இதில் 521 கார்கள் வந்தன.

இப்போது காட்சியை நிறுத்துங்கள். காஸ்மனின் தோளுக்கு முன்னால் கதவின் மூலையில் அந்த முக்கோணக் கண்ணாடியின் சட்டம் நிமிர்ந்து நிற்கிறது. அவ்வளவுதான், அது கன்வர்ட்டிபிள். அவர் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். ஔரேலியாவின் வகைப்பெயரோடு ஒட்டிவரும் "எஸ்" என்ற எழுத்து, இடப்பக்கத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. வலப்பக்கம் வழக்கமாக இருந்ததால் இடப்பக்கத்துக்குத்தான் தனிக்குறி தேவைப்பட்டது. இடப்பக்க ஸ்டியரிங்கும் "அமெரிக்கா" என்ற பெயரும் சேர்ந்து பலரை அது அமெரிக்கச் சந்தைக் கார் என்று எழுத வைத்திருக்கின்றன. இரண்டும் பொருந்தாத காரணங்கள். அந்தப் பெயர் முதல் வகைக்கு உரியது. இடப்பக்க ஸ்டியரிங்கோ அதற்குள் இத்தாலியிலும் பரவிவிட்ட பழக்கம்.

மூன்றாம் படி: விளக்குகளை அவசரமில்லாமல் படியுங்கள்

கார் எந்தச் சந்தைக்குரியது என்பதை மிகுதியாகச் சொல்லும் உறுப்பு விளக்குதான். சட்டம் முதலில் கைவைப்பதும் அதில்தான். இரவுக் காட்சியிலும் தெரிவது, தூரத்திலிருந்தும் வடிவம் புரிவது என்பதால் திரைப்படத்திலிருந்து அடையாளம் காண்போருக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இந்தப் படியில் செலவிடும் நேரம் வீணாவதில்லை.

அமெரிக்காவில் 1940 முதல், கண்ணாடியும் பிரதிபலிப்பானும் இழையும் ஒரே அடைப்பாக அமைந்த, 7 அங்குல விட்டமுள்ள வட்ட ஹெட்லைட்தான் அனுமதிக்கப்பட்டது. 1950களின் இறுதியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறிய வட்ட விளக்குகளுக்கும் இடம் கிடைத்தது. செவ்வக விளக்குக்கு 1970களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலோ உற்பத்தியாளர் தம் விருப்பப்படி விளக்கை வடிவமைக்கலாம். ஆகவே 1960களின் இத்தாலியக் கார் ஒன்றில் சதுரமான அல்லது நீள்சதுரமான ஹெட்லைட் இருந்தால், அது அமெரிக்கச் சந்தைக்காக வந்ததல்ல என்று துணிந்து சொல்லலாம்.

1968 தொடக்கத்தில் அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, ஹெட்லைட்டின் மேல் பொருத்தும் ஒளிபுகும் உறைகளுக்கும் தடை வந்தது. இதன் விளைவு ஃபெராரி 365 ஜிடிபி/4 காரில் கண்கூடு. "டேடோனா" என்று எல்லோரும் அழைக்கும் இந்தக் கார் 1968இல் அறிமுகமானபோது, முகத்தின் அகலம் முழுவதும் ஓடும் ஒளிபுகும் பட்டையின் பின்னால் விளக்குகள் இருந்தன. அமெரிக்காவுக்காக மடங்கி எழும் விளக்குகள் பொருத்தப்பட்டன; 1971இல் எல்லாச் சந்தைகளுக்கும் அதுவே வழக்கமாயிற்று. ஒளிபுகும் பட்டை தெரிந்தால் அது தொடக்கக்கால ஐரோப்பியக் கார். எழும் விளக்கு மட்டும் தெரிந்தால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. வேறு அடையாளம் தேட வேண்டும்.

ஃபியட் 850 ஸ்பைடர் இதன் எளிய வடிவம். 1965இல் இத்தாலியில் வந்த கார்களில் ஹெட்லைட் மூக்கின் சரிவோடு சாய்ந்து படிந்திருக்கும். அமெரிக்காவுக்குப் போனவற்றில் வட்ட விளக்கு நிமிர்ந்து நிற்கும். அதே காரின் இன்ஜின் அமெரிக்காவுக்காக 817 சிசியாகக் குறைக்கப்பட்டது. 50 கன அங்குலத்துக்குக் குறைவான இன்ஜின்களுக்குப் புகை விதியிலிருந்து விலக்கு இருந்ததே காரணம். இன்ஜின் திரையில் தெரியப்போவதில்லை என்றாலும், வரியும் விதியும் காரின் உள்ளுறுப்புவரை எப்படி நுழைந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

1967இல் வந்த "தி கிராஜுவேட்" படத்தால் உலகப் புகழ்பெற்ற சிவப்பு ஆல்ஃபா ரோமியோ 1600 ஸ்பைடரைக் கொண்டு இன்னொரு பாடம் கற்கலாம். பினின்ஃபரீனா வடிவமைத்து 1966இல் வெளிவந்த இந்த முதல் வகையை "டூயெட்டோ" என்பார்கள். அதன் பின்பகுதி படகின் முனைபோல் உருண்டு முடிவதால், இத்தாலியர்கள் அதற்குக் கணவாய் மீனின் ஓடு என்று செல்லப்பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த உருண்ட வால் போய், செங்குத்தாக வெட்டியதுபோன்ற வால் வந்தது. ஐரோப்பாவில் ஓடிய டூயெட்டோக்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் மேல் ஒளிபுகும் உறை இருக்கும். அமெரிக்காவில் அது கிடையாது. ஆனால் உறை இல்லை என்பதாலேயே அமெரிக்கக் கார் என்று முடிவுகட்டக் கூடாது. 1968இல் இத்தாலிய வரி வரம்புகளுக்கு ஏற்ப வந்த மலிவான 1300 ஜூனியர் வகையிலும் உறை கிடையாது. உறை இருந்தால் "அமெரிக்கா அல்ல" என்று சொல்லலாம். இல்லாவிட்டால் "அமெரிக்காதான்" என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

இனி பக்கவாட்டு விளக்குகள். 1968 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களின் பக்கவாட்டில், முன்மூலையில் ஆரஞ்சும் பின்மூலையில் சிவப்புமாக விளக்கோ ஒளித்திருப்பியோ இருந்தாக வேண்டும். 1970இலிருந்து இரண்டும் வேண்டும். இத்தாலியக் கார்களிலும் முன் மட்கார்டின் பக்கத்தில் சின்ன ஆரஞ்சு விளக்கு ஒன்று இருக்கும். அது இண்டிகேட்டரின் துணை விளக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, காரின் பின்மூலையைப் பாருங்கள். பின் மட்கார்டின் பக்கவாட்டில் சிவப்பு விளக்குக்கு ஐரோப்பாவில் வேலையே இல்லை; அது இருந்தால் கார் அமெரிக்காவுக்காகப் பிறந்தது. ஹவாய்த் தீவில் நடக்கும் "மேக்னம் பி.ஐ." தொலைக்காட்சித் தொடரின் ஃபெராரி 308 ஜிடிஎஸ் காரில் இதைத் தெளிவாகக் காணலாம். 1968க்கு முந்தைய காரில் இந்த விளக்கு இல்லாததற்கு எந்தப் பொருளும் இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1966 டூயெட்டோ அமெரிக்காவில் விற்கப்பட்டிருந்தாலும் அதன் பக்கவாட்டில் ஒன்றும் இராது.

பின்பக்க இண்டிகேட்டரின் நிறமும் உதவும். ஐரோப்பாவில் ஆரஞ்சு நிறம் பரவிவிட்ட பிறகும், பிரேக் விளக்கோடு சேர்ந்த சிவப்பு இண்டிகேட்டரை அமெரிக்கா அனுமதித்தது.

பிரான்சில் 1930களின் இறுதியிலிருந்து 1993வரை ஹெட்லைட் மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பாரிஸ் தெருவில் ஓடும் ஆல்ஃபாவின் விளக்கு எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால் அது அங்கேயே பதிவான கார் என்று கொள்ளலாம். இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். மாலை வெயிலில் எடுக்கப்பட்ட ஒரு காட்சியில் மஞ்சள் விளக்கைக் கண்டு பிரெஞ்சுக் கார் என்று குறித்துவைத்தேன். அடுத்த காட்சியில் பார்த்தால் வெள்ளைச் சுவர், கதாநாயகியின் சட்டை, வானம் எல்லாமே அதே மஞ்சள். படச்சுருளின் நிறம் அது. விளக்கின் நிறத்தைக் குறிக்கும்முன் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பொருள் ஒன்றோடு ஒப்பிடுவதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன்.

நான்காம் படி: பம்பர்

பம்பரைக் கொண்டு ஆண்டைக் கணிப்பது எளிது. மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1973ஆம் ஆண்டு மாடல்களின் முன்பக்கத்துக்கும், 1974ஆம் ஆண்டு மாடல்களின் பின்பக்கத்துக்கும் வந்தது. அதற்குமுன் நகக்கீற்றுபோல் இருந்த குரோம் பம்பர்கள், உடலிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் கனத்த கட்டைகளாயின. ஃபியட் எக்ஸ்1/9 காரின் அமெரிக்க வகை 1974இல் மெல்லிய பம்பரோடு வந்து, 1975இல் ஏணிபோன்ற இரட்டைச் சட்டத்தோடு நின்றது. ஆல்ஃபா ஸ்பைடரின் மூக்கில் கறுப்பு ரப்பர்த் திணிப்பு ஏறியதும் அந்தக் காலத்தில்தான். லிங்கன்-மெர்க்குரி விற்பனையகங்கள் வழியாக அமெரிக்காவில் விற்கப்பட்ட டி டொமாசோ பான்டெராவும் இதற்குத் தப்பவில்லை. அழகைப் பற்றிக் கேட்டால், இந்த விதி கெடுக்காத கார் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் தனியாகச் சொல்ல வேண்டிய கார். தயாரான கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போயிற்று. 1970களின் நடுப்பகுதிக்குப் பின் சில ஆண்டுகள் ஐரோப்பாவில் அது விற்கப்படவே இல்லை. ஆகவே கனத்த பம்பரோடு ஒரு 124 ஸ்பைடர் 1977ஆம் ஆண்டு ரோமில் ஓடுவதாகக் காட்டினால், அது பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த காராக இருக்கவே வாய்ப்பு அதிகம். திரும்பி வந்த கார்களுக்கு மெல்லிய பம்பர் மாட்டி ஐரோப்பிய வேடம் போடுவதும் உண்டு. பம்பரை மாற்றுவது அரைநாள் வேலை; மட்கார்டில் பக்கவாட்டு விளக்கு இருந்த துளையை அடைத்துத் தேய்த்து வண்ணம் பூசுவது அப்படியல்ல. எனவே பம்பரும் பக்கவாட்டு விளக்கும் முரண்பட்டால் விளக்கை நம்புங்கள்.

ஐந்தாம் படி: தொழிற்சாலையைத் தேடுங்கள்

மேலே சொன்னவை இத்தாலியில் செய்து வெளியே அனுப்பப்பட்ட கார்கள். ஃபியட்டின் பெரும் பரப்போ, உரிமம் கொடுத்துப் பிற நாடுகளில் செய்யவைத்த கார்களில் இருக்கிறது. 1936இல் வந்த சின்னஞ்சிறு ஃபியட் 500 "டோபோலினோ" பிரான்சில் சிம்கா 5 என்ற பெயரில் செய்யப்பட்டது. போர்க்காலப் பாரிஸைக் காட்டும் படத்தில் டோபோலினோபோல் ஒன்று ஓடினால் சிம்காவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 1957இல் வந்த புதிய ஃபியட் 500ஐ ஆஸ்திரியாவில் ஸ்டையர்-புக் நிறுவனம் தன் சொந்த இரட்டை சிலிண்டர் இன்ஜினோடு விற்றது. நியூசிலாந்தில் அதே காருக்குப் "பம்பினா" என்று பெயர். யூகோஸ்லாவியாவின் க்ராகுயெவாட்ஸ் நகரில் ஃபியட் 600, ஸஸ்தாவா 750 ஆனது. ஸ்பெயினில் சியட் நிறுவனம் அதே 600ஐ நீட்டி நான்கு கதவு வைத்து "சியட் 800" என்று விற்றது. ஃபியட் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை என்பதால், நான்கு கதவுள்ள 600ஐத் திரையில் கண்டால் நேராக ஸ்பெயின் என்று எழுதிவிடலாம்.

ஃபியட் 124தான் இந்தக் குடும்பங்களில் மிகப் பெரியது. 1967ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற இந்தச் சதுரப் பெட்டி, ஸ்பெயினில் சியட் 124, துருக்கியில் முராட் 124, சோவியத் ஒன்றியத்தில் வாஸ்-2101 என்று பல வாழ்க்கை வாழ்ந்தது. இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பால்மிரோ தொல்யாத்தியின் பெயர் சூட்டப்பட்ட வோல்கா நதிக்கரை நகரில் 1970இல் உற்பத்தி தொடங்கியபோது, மூலக் காரில் 800க்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. தடித்த தகடு, உயர்ந்த அடிப்பகுதி, பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக், முற்றிலும் வேறான இன்ஜின் எனப் பெரும்பாலானவை கண்ணில் படாதவை. திரையில் படுவது கதவின் கைப்பிடி: ஃபியட்டின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தித் திறப்பதாக இருக்கும், சோவியத் காரின் கைப்பிடி கதவுத் தகட்டுக்குள் குழிந்து பதிந்திருக்கும். கிரில்லில் படகுச் சின்னம் தெரிந்தால் ஐயமே வேண்டாம். சோவியத் நாட்டைக் காட்ட வேண்டிய மேற்கத்தியப் படங்களில் இத்தாலிய 124ஐ நிறுத்தி ஏமாற்றும்போது, அந்தக் கைப்பிடியே காட்டிக்கொடுக்கும்.

போலந்தின் 125பி இன்னும் எளிது. இத்தாலிய ஃபியட் 125க்கு நான்கு சதுர ஹெட்லைட். போலந்துக் காருக்கு நான்கு வட்ட ஹெட்லைட். வெளியே 125இன் உடல், உள்ளே அதற்கு முந்தைய 1300, 1500 கார்களின் இயந்திரம். தூரக் காட்சியிலும் பிரித்தறியக்கூடிய ஒரே ஜோடி என்று இதைச் சொல்வேன்.

நம் நாட்டுக் கிளை பிரீமியர். "ஃபியட்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கார், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த 1100. 1964இல் 1100டி வடிவத்தில் தொடங்கி, 1972இல் பிரீமியர் பிரெசிடென்ட், 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, நூற்றாண்டின் முடிவுவரை ஏறத்தாழ அதே உடலோடு வந்தது. இத்தாலியின் 1100டியில் 1221 சிசி இன்ஜின். இந்தியக் காரிலோ 1089 சிசி. திரையில் பார்க்கும்போது இன்னொரு குறிப்பு உதவும்: 1953இல் வந்த மூல 1100இல் முன்கதவு பின்கீலில் திறக்கும், பத்மினியின் கதவு முன்கீலில் திறக்கும். ஆகவே கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தில் மருத்துவர் பையோடு இறங்கும் காரின் கதவு பின்னோக்கித் திறந்தால், அதைப் பத்மினி என்று எழுதுவது தவறு. அது பழைய மில்லெசென்டோ, அதாவது இத்தாலியர்கள் சொல்லும் 1100. 1980களில் பிரீமியர் வெளியிட்ட 118என்இ காரும் இந்தக் கதையில் வருகிறது: ஃபியட் 124இன் உடலும் நிசானின் இன்ஜினும் சேர்ந்த கார் அது. தொல்யாத்தி நகரத்துக் காருக்கும் குர்லா காருக்கும் பாட்டன் ஒருவரே.

ஆறாம் படி: உள்ளே எட்டிப்பாருங்கள்

ஓட்டுநரின் தோளுக்கு மேலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். மைல் என்றால் அமெரிக்கா அல்லது பிரிட்டன். கிலோமீட்டர் என்றால் ஐரோப்பியக் கண்டம். எண்கள் 85இல் முடிந்தால் 1970களின் இறுதியில் வந்து 1980களின் தொடக்கத்தில் நீக்கப்பட்ட அமெரிக்க விதிக்கு உட்பட்ட கார். வைப்பர்கள் படுத்திருக்கும் திசையையும் கவனியுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் வைப்பர் இடப்பக்க ஓட்டுநருக்கு ஏற்பத் துடைத்தால், அது பின்னர் மாற்றப்பட்டதாகவோ தொழிற்சாலையே சிக்கனம் பார்த்ததாகவோ இருக்கும்.

ஏழாம் படி: நம்பர் பிளேட்டைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பதை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காரில் மிக எளிதாக மாற்றக்கூடியது அதுதான். திரைப்படக் கலைத்துறை முதலில் மாற்றுவதும் அதைத்தான். கதைக்குள்ளேயே மாற்றுவதும் நடக்கும். 1973இல் வந்த "தி டே ஆஃப் தி ஜாக்கல்" படத்தில் கொலையாளி தன் வெள்ளை ஆல்ஃபா ஜூலியெட்டா ஸ்பைடருக்கு நீல வண்ணம் அடித்து, வேறொரு காரிலிருந்து திருடிய பிளேட்டை மாட்டிக்கொள்கிறான். கதாபாத்திரமே செய்யும் வேலையைத் தயாரிப்பு நிர்வாகி செய்யமாட்டாரா?

ஆனாலும் அந்தக் காலத்துத் தெருவில் தற்செயலாக நிற்கும் கார்களின் பிளேட் நல்ல சான்று. இத்தாலியில் 1985வரை கறுப்புப் பின்னணி. மாகாணத்துக்கு இரண்டெழுத்துக் குறி, ரோமுக்கு மட்டும் முழுப்பெயர். முன்னால் சின்னப் பட்டை, பின்னால் இரண்டு வரிச் சதுரம். பழைய பிரெஞ்சுப் பிளேட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாவட்டத்தைக் குறித்தன. 75 என்றால் பாரிஸ். பிளேட்டின் எழுத்தைவிட, அது பொருத்தப்பட்ட இடம் முக்கியம். அமெரிக்கப் பிளேட் 12 அங்குல நீளமும் 6 அங்குல உயரமும் கொண்டது. அதற்கான தாங்கியின் மீது நீண்ட ஐரோப்பியப் பிளேட் இருபுறமும் துருத்திக்கொண்டு நின்றால், அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்று அந்தத் துருத்தலே சொல்லும்.

எட்டாம் படி: தீர்ப்பை எழுதும் முறை

ஒரே அடையாளத்தை வைத்து உறுதியாக எழுதாதீர்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்களாவது ஒரே நாட்டைச் சுட்ட வேண்டும். பின் மட்கார்டின் சிவப்பு விளக்கும் மைல் கணக்கு ஸ்பீடோமீட்டரும் சேர்ந்தால் அமெரிக்க வகை என்று எழுதலாம். கனத்த பம்பரும் பம்பரிலேயே பதிந்த விளக்கும் இரண்டு சான்றுகள் ஆகா. அவை ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள். "இது இல்லை" என்று விலக்கும் அடையாளத்தையும் "இதுதான்" என்று நிறுவும் அடையாளத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். எந்தக் காட்சி, படம் தொடங்கி எத்தனையாவது நிமிடம், எந்த நொடி என்பதையும் எழுதுங்கள். நடுவில் கார் மாறியிருந்தால் அதைப் பிடிக்க உதவுவது அந்த நேரக் குறிப்புதான். முதல் காட்சியில் உறையோடு இருந்த ஹெட்லைட் நாற்பதாம் நிமிடத்தில் உறையின்றித் தெரிந்தால், உங்கள் குறிப்பில் பிழை தேடுவதற்கு முன், படக்குழுவிடம் இரண்டு கார்கள் இருந்தனவா என்று பாருங்கள்.